கடல் கடந்து படிக்க ஒரு வழித்துணை

எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் அம்மாளைத் தெரியாதவர்கள் கும்பகோணத்தில் எங்கள் பக்கம் கிடையாது. விடியற்காலை நாலரைக்கு அடுப்பைப் பற்ற வைத்தால் பத்து மணிக்குள் பன்னிரண்டு ஈடு இறக்கிவிடுவாள். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு குழந்தைகள். மூத்தவள் பெண். அரசினர் கல்லூரியில் வேதியியல் எம்.எஸ்ஸி. கடைசி வருடம் படித்துக் கொண்டிருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு ஆடி மாதத்து மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். உள்ளே அவளுடைய ஒரே சங்கிலி.

"அக்கா, இதை வச்சா எவ்வளவு குடுப்பாங்க?"

"என்னம்மா அவசரம்? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இவ வெளிநாட்டுல போய்ப் படிக்கணுங்கறா. டவுன்ல ஒரு ஏஜண்டு, முன்பணம் ஒண்ணரை லட்சம் கட்டுங்க, சீட்டும் விசாவும் என் பொறுப்புங்கறாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணுமாம்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்ணின் ஆசையை மறுக்கவும் மனசில்லை. ஊர் பேர் தெரியாத ஒருவர் கையில் சங்கிலியைக் கொடுக்கவும் மனசில்லை. எந்தத் தாய்க்கும் வரக்கூடிய தர்மசங்கடம்தான்.

"ஒரு வாரம் பொறு. அதற்குள் குடி முழுகிவிடாது" என்றேன். "நீ தினமும் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில், சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு சின்ன ஓட்டு வீடு இருக்கிறதே, அது யார் வீடு தெரியுமா?"

"கணக்குப் போடறவரு வீடுதானே? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள்லாம் வரிசையா வந்து பார்க்குதே!"

"அவரேதான். அந்த வீட்டு அம்மாவும் உன்னைப் போல ஒரு நாள் தவித்தவள்தான். முதலில் அந்தக் கதையைக் கேள்" என்றேன். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஜவுளிக்கடை குமாஸ்தாவின் மகன்

கணித மேதை ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22-ம் தேதி, ஈரோட்டில். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா சீனிவாச ஐயங்கார் ஜவுளிக்கடையில் குமாஸ்தா. மாதச் சம்பளம் ரூ. 20 அளவில்தான். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். வெளியூரிலிருந்து படிக்க வந்த மாணவர்களை வீட்டில் தங்க வைத்துச் சோறு போட்டு அதில் வரும் காசையும் குடும்பத்துக்குச் சேர்ப்பார். அப்படித் தங்கிய பிள்ளைகளிடம்தான் சிறுவன் ராமானுஜன் கல்லூரிக் கணக்கைக் கற்றுக் கொண்டார். சீக்கிரமே அவர்களை மிஞ்சியும் விட்டார். பேப்பர் வாங்கக் கட்டுப்படியாகாது. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போடுவார். முடிவை மட்டும் நோட்டில் எழுதி வைப்பார்.

இத்தனை கெட்டிக்காரப் பையன் கல்லூரியில் என்ன ஆனார் தெரியுமா? தோற்றுப் போனார்! கணக்கைத் தவிர மற்றதைத் தொடாததால், 1904-ல் கிடைத்த உபகாரச் சம்பளம் கைவிட்டுப் போயிற்று. பிறகு சென்னையில் சேர்ந்து எழுதிய எஃப்.ஏ. பரீட்சையிலும் தேறவில்லை. 1909-ல் கல்யாணமும் ஆகிவிட்டது. வேலையில்லை, பட்டமில்லை. கையில் இருந்தது அந்த நோட்டுப் புத்தகங்கள் மட்டும்.

அதோடு அந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம், அவர் வழியில் வந்த சில மனிதர்கள்.

கைமாற்றிக் கொடுத்த கைகள்

1910-ல் ராமானுஜன் திருக்கோவிலூருக்குப் போய், அங்கே டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரைப் பார்த்தார். இந்தியக் கணிதச் சங்கத்தை ஆரம்பித்தவர் அவர். ராமானுஜன் கேட்டது ஒரு சின்ன குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர், இந்தப் பிள்ளையைத் தாலுகா கச்சேரியில் உட்கார வைத்தால் அது பாவம் என்று நினைத்தார். சென்னையிலிருந்த தம் நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

சென்னையில் பேராசிரியர் சேஷு ஐயர். அவர் மூலம் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். அவருக்கு முதலில் சந்தேகம் இருந்தது. பார்த்துப் பேசிப் புரிந்த பிறகு மாதம் ரூ. 25 தம் கையிலிருந்தே கொடுத்தார். பிறர் தயவில் நாளைக் கழிக்க ராமானுஜனுக்குக் கூச்சம். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் ரூ. 30 சம்பளத்துக்கு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் தாமும் கணிதம் படித்தவர். வேலை முடிந்தபின் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்காருவார்கள். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் ஆதரவும் கிடைத்தது.

பிறகு இங்கிலாந்துக்குக் கடிதங்கள். கேம்பிரிட்ஜில் இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதியும் பலனில்லை. 1913 ஜனவரி 16-ம் தேதியிட்டு மூன்றாவதாக ஹார்டிக்கு எழுதினார். தாம் பட்டம் பெறாதவர், துறைமுக குமாஸ்தா, வருடத்துக்கு 20 பவுன்தான் சம்பளம் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, கூடவே தம் கணக்குகளையும் வைத்து அனுப்பினார். அந்தக் கடிதம் கதவைத் திறந்தது.

கவனித்தீர்களா சகோதரிகளே? திருக்கோவிலூரிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு யாரும் ஒரே தாவலில் தூக்கிப் போடவில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி மாறித்தான் அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்தார். ஒவ்வொருவரும் செய்தது சின்ன உதவி. ஒரு கடிதம், ஒரு அறிமுகம், சாயங்காலத்தில் ஒரு மணி நேரம்.

ஆனால் கதவு திறந்தபின் வாசலில் நின்றது யார்? அம்மா! அந்த நாளில் கடல் தாண்டினால் சாதியை விட்டுத் தள்ளி வைப்பார்கள். கோமளத்தம்மாள் சம்மதிக்கவில்லை. பிறகு ஒரு கனவில், வெள்ளைக்காரர்கள் நடுவே மகன் அமர்ந்திருப்பதைக் கண்டதாகவும், நாமகிரித் தாயார் 'குறுக்கே நிற்காதே' என்று சொன்னதாகவும், அதன்பின் இணங்கியதாகவும் சொல்வார்கள். 1914 தொடக்கத்தில் சென்னைக்கு வந்த நெவில் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர், ராமானுஜனின் சந்தேகங்களைப் பொறுமையாகத் தீர்த்தார். ஆங்கிலம் போதுமா? பரீட்சை எழுத வேண்டுமா? சைவமாகவே இருக்கலாமா? நம் பிள்ளைகளும் இன்று கேட்கிற கேள்விகள்தானே!

சென்னைப் பல்கலைக்கழகம் வருடம் 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. அதில் 50 பவுன் கும்பகோணத்துக் குடும்பத்துக்குப் போகும்படி ஏற்பாடாயிற்று. குடுமி எடுப்பதைப் பார்க்க வேண்டாமென்று தாயையும் மனைவி ஜானகியையும் முன்னதாகவே ஊருக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டு, 1914 மார்ச் 17-ம் தேதி ராமானுஜன் கப்பல் ஏறினார்.

யாரும் சொல்லித் தராத கம்பளி

அங்கே அவர் செய்த சாதனைகள் எல்லோருக்கும் தெரியும். 1918-ல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். அதே வருடம் டிரினிட்டி கல்லூரியிலும் ஃபெல்லோ ஆனார். நம் போன்ற அம்மாக்கள் தெரிந்து கொள்ள வேண்டியது வேறொன்று.

அந்த முதல் குளிர்காலத்தில் ஒரு நாள், அங்கே படித்துக் கொண்டிருந்த மகாலனோபிஸ் அவர் அறைக்குப் போனார். பின்னாளில் புள்ளியியல் துறையில் பெரும் புகழ் பெற்றவர் இவர். ராமானுஜன் ராத்திரியெல்லாம் குளிரில் தூக்கமில்லை என்றார். ஓவர்கோட்டும் சால்வையும் போர்த்திக் கொண்டு படுத்தாராம். மகாலனோபிஸ் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் இருந்தன! ஆனால் அவை மெத்தையோடு சேர்த்து இறுக்கமாகச் செருகப்பட்டு, மேலே விரிப்பு போட்டிருந்தது. அவற்றை இழுத்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவர் கம்பளிகளின் மேலேயே படுத்து நடுங்கிக் கொண்டிருந்தார்.

இதை நான் சொன்னபோது இட்லிக்கடை அம்மாள் சிரிக்கவில்லை. "பாவம், பெத்தவ கேட்டா எப்படித் துடிச்சிருப்பா!" என்றாள்.

அவர் தாமே சமைத்துச் சாப்பிட்ட சுத்த சைவர். அந்த ஆகஸ்டிலேயே முதல் உலகப் போர் வந்துவிட்டது. காய்கறி கிடைப்பது கஷ்டமாயிற்று. கணக்கு மும்முரத்தில் வேளைக்குச் சாப்பாடு தப்பியது. 1917-ல் நோயாளியாகி மருத்துவ விடுதிகளில் மாறி மாறிப் படுத்தார். காசநோய் என்றும், கடுமையான வைட்டமின் குறைவு என்றும் அன்று சொன்னார்கள். ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் ஆராய்ந்த மருத்துவர் சொன்னார். 1919-ல் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ம் தேதி சென்னையில் காலமானார். வயது 32.

படிப்புக்கு வழிகாட்ட ஹார்டி இருந்தார். உடம்புக்கும் மனசுக்கும் வழிகாட்டத் தொடர்ந்து ஒருவர் கூட இல்லை. வெளிநாட்டுக்குப் போகிற ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு வழித்துணை வேண்டும் என்பதுதான் எனக்குத் தோன்றுவது. ஒருவர், கதவு எங்கே இருக்கிறது என்று காட்டுபவர். இன்னொருவர், உள்ளே போய் எப்படி வாழ்வது என்று சொல்லித் தருபவர். முதலாமவரைத் தேட வேண்டும். இரண்டாமவர் பாதிக்குப் பாதி நாமேதான்!

வழிகாட்டியை எங்கே தேடுவது?

"நமக்கு யாரைத் தெரியும் அக்கா?" என்றாள் அவள். எல்லோரும் சொல்வது இதுதான். ஆனால் தேட ஆரம்பித்தால் ஆள் பக்கத்திலேயே இருப்பார்.

முதல் படி, பெண்ணின் கல்லூரி ஆசிரியை. "நம் கல்லூரியில் படித்து வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் யாராவது இருக்கிறார்களா மேடம்?" என்று பெண்ணே கேட்கட்டும். அநேகமாக ஒருவராவது இருப்பார். பெண்ணின் அதே நிலைமையிலிருந்து போனவர் கிடைத்தால் ரொம்ப நல்லது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு, விண்ணப்பக் கட்டணம் கட்டக் காசில்லாத கஷ்டம் தெரியாது.

எழுதும் முதல் கடிதம் சின்னதாக இருக்க வேண்டும். தான் யார், என்ன படிக்கிறாள், என்ன ஆசை, கேட்க விரும்பும் ஒரே ஒரு கேள்வி. அவ்வளவுதான். 'எனக்கு ஸ்காலர்ஷிப் வாங்கித் தாருங்கள்' என்று எழுதினால் பதில் வராது. 'இந்த மூன்று படிப்பில் எனக்கு எது பொருந்தும்?' என்று கேட்டால் வரும். பதில் வந்தால் நன்றி சொல்ல வேண்டும். அவர் சொன்னதைச் செய்துவிட்டு, 'செய்துவிட்டேன் அக்கா' என்று மறுபடி எழுத வேண்டும். சொன்னதைச் செய்கிற பிள்ளைக்கு யாருமே மறுபடி சொல்லித் தருவார்கள். பதில் வராவிட்டால் சோர வேண்டாம். ராமானுஜனுக்கே இரண்டு கடிதம் வீணாகித்தான் மூன்றாவது பலித்தது.

நல்ல வழிகாட்டி விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்க மாட்டார். பெண் எழுதியதைத் திருத்துவார். 'இது வேண்டாம், உனக்குப் பொருந்தாது' என்று சொல்லவும் தயங்க மாட்டார். காசு கேட்க மாட்டார். அசல் சர்ட்டிபிகேட்டையோ, கடவுச் சொல்லையோ கேட்டால் உடனே விலகிவிடுங்கள். பெண் பிள்ளை என்றால், அவர் யார் என்று ஆசிரியை மூலம் நிச்சயப்படுத்திக் கொண்டு, முதல் தடவை நீங்களும் பக்கத்தில் இருந்து பேசுவது நல்லது.

ஏஜண்டு விஷயத்துக்கு வருவோம். நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். ஆனால் விசா கொடுப்பது அந்தந்த நாட்டு அரசாங்கம். 'விசா என் பொறுப்பு' என்று சொல்ல வேறு யாருக்கும் அதிகாரம் கிடையாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்கு மாணவர்களே நேராக விண்ணப்பிக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் கட்டு என்று கழுத்தில் துண்டைப் போட்டு அவசரப்படுத்துகிறவரிடம் ஒரு பைசா கொடுக்க வேண்டாம்.

பணம் எங்கிருந்து வரும்?

வெளிநாட்டுப் படிப்பு என்றாலே வீட்டை விற்க வேண்டும் என்று நினைக்கிறோம். படிப்புக்குப் படிப்பு, நாட்டுக்கு நாடு கணக்கு மாறும்.

எம்.எஸ்ஸி. முடித்து முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்கு, ஜெர்மனியில் பலருக்குச் சம்பளத்தோடு ஆராய்ச்சி வேலையாகவே கிடைக்கிறது. அமெரிக்காவில் அறிவியல் துறைகளில் பல இடங்களில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, பாடம் நடத்துவதற்கோ ஆராய்ச்சிக்கோ உதவித்தொகையும் தருகிறார்கள். எம்.எஸ்ஸி. படிக்கவே போகிறவர்களுக்கு, ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. சில இடங்களில் மட்டும் உண்டு. ஆனால் ஒரு வருடம் தங்கிச் சாப்பிடும் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். இதை மறந்து கடைசி நேரத்தில் திண்டாடுகிறவர்கள் உண்டு.

உதவித்தொகைகளும் பல. பிரிட்டிஷ் அரசின் செவனிங், காமன்வெல்த் உதவித்தொகை, அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்-நேரு, ஜெர்மனியின் டாட், ஐரோப்பாவில் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் படிக்க வைக்கும் எராஸ்மஸ் முண்டஸ். ஒவ்வொன்றுக்கும் தனி விதி. செவனிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்துத் தாய்நாடு திரும்பவும் வேண்டும்.

மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை, தாழ்த்தப்பட்டோர், நிலமில்லாத விவசாயக் கூலிகள், பரம்பரைக் கைவினைஞர்கள் முதலியோரின் பிள்ளைகளுக்கு உரியது. இதற்குக் குடும்ப வருமான வரம்பு உண்டு. தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையிலும் அயல்நாட்டு உயர்கல்விக்கு உதவித்தொகை இருக்கிறது. வருமான வரம்பும் கடைசித் தேதியும் வருடத்துக்கு வருடம் மாறக்கூடும். அந்தந்த அலுவலகத்தின் அறிவிப்பையே நம்புங்கள். அடுத்த வீட்டுக்காரர் சொன்னார் என்று இருந்துவிட வேண்டாம்.

ஜே.என். டாட்டா அறக்கட்டளை 1892-லிருந்து மேல்நாட்டுப் படிப்புக்குக் கடன் உதவித்தொகை தந்து வருகிறது. முதன்முதலில் அதைப் பெற்றவர் ஃப்ரெனி காமா என்ற பெண் மருத்துவர் என்பது நமக்கெல்லாம் பெருமை. கேரளத்தில் உழவூர் என்ற கிராமத்தில் ஏழைத் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் நடந்தே போன கே.ஆர். நாராயணன், 1945-ல் டாட்டா உதவித்தொகையில் லண்டனுக்குப் படிக்கப் போனார். அங்கே அவருக்கு ஆசிரியராக அமைந்த ஹெரால்டு லாஸ்கி, திரும்பும்போது நேருவுக்கு ஒரு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். அந்த மாணவர்தான் 1997-ல் நம் குடியரசுத் தலைவரானார். இங்கேயும் பாருங்கள், ஒரு உதவித்தொகை, ஒரு ஆசிரியர், ஒரு கடிதம்!

இவையெல்லாம் போக, மீதிக்குத்தான் வங்கிக் கடன். கடன் தொகை பெரிதானால் வங்கி சொத்து ஈடு கேட்கும். இருக்கிற ஒரே வீட்டைக் கொண்டுபோய் வைக்கும் முன், படித்து முடித்தால் என்ன வேலை, மாதத் தவணை எவ்வளவு என்று வழிகாட்டியிடமே கேட்டுக் கணக்குப் போடுங்கள்.

அம்மா செய்ய வேண்டியவை

படிக்காத அம்மாவால் என்ன செய்ய முடியும் என்று நினைக்க வேண்டாம். நிறையச் செய்யலாம்.

பேர்: நம் ஊரில் அப்பா பேரை இனிஷியலாகப் போடுகிறோம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் விரித்து இன்னொரு மாதிரி இருந்தால் பிற்பாடு தலைவலி. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள்.

காகிதங்கள்: ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாலும் சரி, ஒரே இடத்தில் இருக்கட்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று இவற்றை இ-சேவை மையத்தில் முன்னதாகவே வாங்கி விடுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் விவரப் பட்டியல் வர வாரக்கணக்கில் ஆகும்.

காலம்: செப்டம்பரில் படிப்பு தொடங்கினால், பல விண்ணப்பங்களுக்கு முந்தின டிசம்பர், ஜனவரியிலேயே கெடு முடிந்துவிடும். ஒன்றரை வருடம் முன்பே வேலையை ஆரம்பிக்க வேண்டும். சிபாரிசுக் கடிதம் கேட்கும் ஆசிரியர்களுக்கு ஒரு மாதமாவது அவகாசம் கொடுக்க வேண்டும். ஆங்கிலப் பரீட்சை மதிப்பெண் பொதுவாக இரண்டு வருடம்தான் செல்லும். அதனால் ரொம்ப முன்னாலும் எழுதக் கூடாது.

உடம்பு: புறப்படும் முன் ரத்தப் பரிசோதனை செய்து ரத்தச்சோகை இருக்கிறதா என்று பாருங்கள். நம் பெண்களுக்கு அது சர்வசாதாரணம். பல் வைத்தியத்தை இங்கேயே முடித்துவிடுங்கள். அங்கே அதற்குக் கொள்ளைச் செலவு. கண்ணாடி போடுகிறவர்கள் உபரியாக ஒன்று எடுத்துப் போகட்டும். போட்ட தடுப்பூசி விவரங்களை எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். பிரிட்டனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்கள் காசநோய்ப் பரிசோதனைச் சான்று காட்ட வேண்டும். வெயில் குறைந்த நாடுகளில் வைட்டமின் டி குறையும். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு பி-12 குறையும். டாக்டரைக் கேட்டுக் கொண்டு அனுப்புங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் டாக்டர் சீட்டும் கூடவே போகட்டும்.

அடுக்களை: பையனோ பெண்ணோ, ஐந்து சமையல் தெரியாமல் விமானம் ஏறக் கூடாது. சாதம், பருப்பு, ஒரு குழம்பு, ஒரு காய், உப்புமா. இவ்வளவு தெரிந்தால் பிழைத்துக் கொள்ளலாம். கால் மணியில் முடிகிற மாதிரி கற்றுக் கொடுங்கள். மூன்று மணி நேரச் சமையலை அங்கே யாரும் செய்ய மாட்டார்கள். பட்டினிதான் கிடப்பார்கள்.

மனசு: வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று வைத்துக் கொண்டு பேசுங்கள். வீட்டுச் சண்டையைத் தொலைபேசியில் ஏற்றுமதி செய்யாதீர்கள். 'நல்லா இருக்கேம்மா' என்று ஒரே வார்த்தையில் முடித்தால், இன்னும் கொஞ்சம் கேளுங்கள். 'இன்னிக்கு என்ன சாப்பிட்டே? யாரோட பேசினே?' என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

சங்கிலி என்ன ஆயிற்று?

இட்லிக்கடை அம்மாள் அந்த வெள்ளிக்கிழமை ஏஜண்டிடம் போகவில்லை. பெண்ணின் ஆசிரியை, அதே கல்லூரியில் பத்து வருடம் முன் படித்து ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணின் விலாசம் கொடுத்தார். அவளும் நம்மைப் போன்ற குடும்பம்தான். அப்பா நெசவுத் தொழிலாளி.

உடனே எல்லாம் பலித்துவிட்டது என்று சொன்னால் அது கதை. முதல் வருடம் ஐந்து இடத்துக்கு எழுதினாள். ஐந்து இடத்திலும் இல்லை என்று வந்துவிட்டது. "அன்னிக்கே சங்கிலியை வச்சிருக்கலாமோ அக்கா?" என்று தாய் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அன்றைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் தப்பு செய்துவிட்டேனோ என்று இரண்டு நாள் தூக்கமே வரவில்லை.

அந்த ஜெர்மனி அக்கா விண்ணப்பத்தை வரி வரியாகப் படித்துவிட்டுச் சொன்னாளாம்: "உன்னைப் பத்தி எழுதச் சொன்னா, பொதுவா எழுதியிருக்கே. சோதனைச் சாலையில நீ கையால என்ன செஞ்சே? அது இதுல இல்லை. ஒரு வருஷம் எங்கேயாவது ஆராய்ச்சி உதவியாளரா வேலை செய். அப்புறம் எழுது."

பெண் அப்படியே செய்தாள். திருச்சியில் ஒரு ஆய்வகத்தில் கொஞ்சச் சம்பளத்துக்கு ஒரு வருடம் வேலை பார்த்தாள். மறு வருடம் மூன்று இடத்துக்குத்தான் எழுதினாள். இரண்டு இடத்திலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், வீடியோவில். அவர்கள் வீட்டில் கிரைண்டர் சத்தம் ஓயாது என்பதால் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பேசினாள். அம்மாக்காரி அடுக்களையில் என் கையைப் பிடித்துக் கொண்டு நின்றாள். உள்ளங்கை ஐஸாக இருந்தது.

ஒரு இடம் கிடைத்தது. சம்பளத்தோடு முனைவர் பட்டப் படிப்பு. டிக்கெட்டுக்கும் முதல் மாதச் செலவுக்கும் அவள் போட்டு வந்த ஏலச்சீட்டை எடுத்தாள். சங்கிலி கழுத்தில்தான் இருந்தது.

போன மார்கழியில் ஒரு சாயங்காலம் நான் கடைக்குப் போனபோது அவள் வீடியோவில் பெண்ணோடு பேசிக் கொண்டிருந்தாள். அங்கே கொட்டுகிற பனியைப் பெண் காட்டிக் கொண்டிருந்தாள். தாய் பனியைப் பார்க்கவே இல்லை.

"கட்டிலைக் காட்டுடி. கம்பளி எங்கே இருக்கு? மேலே படுத்துக்காதே, உள்ளே நுழைஞ்சு படுக்கணும், தெரியுதா?"

"தெரியும்மா! நூறு வாட்டி சொல்லிட்டே!"

"சொல்லுவேன். அந்த சன்னதித் தெரு அம்மாவுக்குச் சொல்லக் கொடுத்து வைக்கலே. நான் சொல்லுவேன்."

என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக் கொண்டு, "அக்கா, நாலு இட்லி வைக்கவா?" என்றாள். பெண் போனில் கத்தினாள்: "பெரியம்மா, எனக்கு இப்ப நம்ம காலேஜ்லேருந்து ரெண்டு ஜூனியர் பொண்ணுங்க கடிதம் எழுதியிருக்காங்க. நான் பதில் போட்டுட்டு இருக்கேன்!"

உங்கள் வீட்டிலும் ஒரு பெண்ணோ பையனோ இப்படி ஒரு ஆசையைச் சொன்னால், முதலில் அடகுக் கடைக்குப் போகாதீர்கள். 'நமக்கு எதுக்கும்மா இதெல்லாம்' என்று வாயையும் அடைக்காதீர்கள். அந்த வழியில் முன்னே போனவர் யார் என்று விசாரியுங்கள். உங்களுக்கு அப்படி ஒருவரைத் தெரிந்திருந்தால், அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அறிமுகம் செய்து வையுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.